வகுப்பு இடைவேளையும் மர நிழலும்
மாட்டுங்கா கல்லூரிப் பகுதியிலிருந்து ஒரு பாடம்

கல்லூரியில் ஒரு மாணவர் கழிக்கும் பொழுது முழுவதும் வகுப்பறைக்குள் கழிவதில்லை. ஒரு பாடவேளைக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து நிமிடம், நண்பகலில் ஒரு மணி, சோதனைச்சாலை திறக்கும்வரை காத்திருக்கும் நேரம், மாலையில் வீடு திரும்புமுன் நண்பருடன் நிற்கும் நேரம் என இவற்றைக் கூட்டினால் அது நாளின் கணிசமான பகுதியாகும். அந்நேரத்தில் அவர் எங்கே செல்கிறார், எதைக் காண்கிறார், யாருடன் அமர்கிறார் என்பவை அவருடைய மன நலத்தையும் நட்பையும் பாதிக்கின்றன. ஆயினும், கட்டடத்திற்குப் பெருந்தொகை செலவிடும் நிர்வாகங்கள் பல, கட்டடங்களுக்கு இடையே எஞ்சும் நிலத்தை வாகனம் நிறுத்துவதற்கும் பழைய மேசை நாற்காலிகளைக் குவிப்பதற்கும் விட்டுவிடுகின்றன.

அந்த எஞ்சிய நிலமே இக்கட்டுரையின் பொருள். அதனை எவ்வாறு அமைத்தால் மாணவர் பயனடைவர் என்பதற்கு மும்பை மாநகரின் மாட்டுங்காப் பகுதி ஒரு நல்ல எடுத்துக்காட்டு. நிழல், இருக்கை, வழி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடும்பொழுதே திறந்தவெளி மனிதருக்குப் பயன்படுகிறது என்பதே இப்பாடத்தின் சாரம்.

மாட்டுங்கா அமைந்த வரலாறு

1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளே நோய் பெருகக் காரணம் என்று அக்காலத்தில் கருதப்பட்டது. 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்னும் அமைப்பு சட்டபூர்வமாக ஏற்படுத்தப்பட்டது. நகரின் வடபுறத்தில் இந்த அமைப்பு மேற்கொண்ட திட்டங்களுள் முக்கியமானது தாதர்–மாட்டுங்காத் திட்டம். அகன்ற வீதிகள், வீதியோர மரங்கள், வீடுகளைச் சுற்றி இடைவெளி, பூங்காக்கள், கல்வி நிலையங்களுக்கான மனைகள் ஆகியன அத்திட்டத்தில் இடம்பெற்றன.

தாதர் பார்சி காலனியை உருவாக்கப் பாடுபட்ட பொறியாளர் மஞ்சேர்ஜி ஜோஷியின் பெயரால் வழங்கும் 'ஐந்து பூங்காக்கள்' இத்திட்டத்தின் பயனே. வீதிச் சந்திப்பைச் சுற்றிப் பூவிதழ்கள்போல் அமைந்த ஐந்து திறந்தவெளிகள் அவை. அங்குள்ள வீதிகளில் வீதிக்கொரு வகையாக மரங்கள் நடப்பட்டன.

இச்சூழலில் கல்வி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1887இல் விக்டோரியா ஜூபிலி டெக்னிகல் இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் தொடங்கிய நிலையம் 1923இல் மாட்டுங்காவுக்கு இடம் பெயர்ந்தது. 1997 முதல் அது வீரமாதா ஜீஜாபாயியின் பெயரால் வழங்குகிறது. ருயா கல்லூரியும் குருநானக் கால்சா கல்லூரியும் 1937இலும், போதார் கல்லூரி 1941இலும் தொடங்கின. 1933இல் பம்பாய்ப் பல்கலைக் கழகத்தின் துறையாகத் தோன்றிய இரசாயனத் தொழில்நுட்பப் பிரிவு 1943இல் மாட்டுங்காவுக்கு வந்து, இன்று தனிப் பல்கலைக் கழக நிலையில் இயங்குகிறது. தமிழர் பலர் பயின்ற தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியும் 1932இல் மாட்டுங்காவிலேதான் தொடங்கியது. அச்சங்கத்தின் கல்லூரி 1960இல் அருகிலுள்ள சயானில் எழுந்தது.

இக்கல்லூரிகள் பலவற்றின் சொந்த நிலம் பெரிதன்று. ஆயினும் அவற்றின் மாணவர்க்கு நிழல் வீதிகளும் பூங்காக்களும் நடை தூரத்தில் கிடைக்கின்றன. நோய்க்கு அஞ்சி வகுத்த ஒரு நகரத் திட்டம், நூறாண்டுக்குப் பின் மாணவரின் பொதுத் தோட்டமாகப் பயன்படுகிறது. மும்பையில் நபர் ஒருவருக்குரிய திறந்தவெளி இரண்டு சதுர மீட்டருக்கும் குறைவு என்பதை எண்ணும்பொழுது இதன் அருமை விளங்கும்.

மர நிழலும் மனக் களைப்பும்

பசுமையைக் காண்பதால் மனம் தெளிகிறது என்பது பொது அனுபவம். இதனை விஞ்ஞான முறையில் ஆராய்ந்தோருள் ரோஜர் உல்ரிச் முக்கியமானவர். அமெரிக்காவின் பென்ஸில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டோர், செங்கற்சுவரைக் கண்டோரைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். வலி தணிக்கும் கடுமையான மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இம்முடிவு 1984இல் வெளியாயிற்று.

இதற்குக் காரணம் யாது? ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்னும் உளவியலார் தந்த விளக்கம் ஆசிரியர்கள் அறியத்தக்கது. கவனம் இரு வகைப்படும். கணக்கைப் போடும்பொழுதும் விரிவுரையைக் கேட்கும்பொழுதும் நாம் முயன்று செலுத்துவது ஒரு வகை. இலையின் அசைவு, பறவையின் ஒலி, மேகத்தின் ஓட்டம் போன்றவற்றின்பால் முயற்சியின்றியே செல்வது மற்றொரு வகை. முதல் வகைக் கவனம் தொடர்ந்த உழைப்பால் களைப்படைகிறது. இரண்டாம் வகை செயற்படும்பொழுது முதலாவதற்கு ஓய்வு கிடைக்கிறது. போக்குவரத்து மிகுந்த சாலையில் நடப்பவருக்கு இவ்வோய்வு கிட்டாது. வாகனங்களிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவே அவர் முயன்று கவனிக்க வேண்டியுள்ளது.

2008இல் வெளியான மிச்சிகன் பல்கலைக் கழக ஆய்வு ஒன்று இதனைச் சோதித்தது. மாணவர் 38 பேர் ஒரு முறை மரத்தோட்டத்திலும், மற்றொரு முறை கடைவீதியிலும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் நடந்தனர். எண்களைக் கேட்டுத் தலைகீழாகச் சொல்லும் சோதனையில், தோட்டத்தில் நடந்தபின் அவர்களுடைய திறன் தெளிவாக உயர்ந்தது. கடைவீதியில் நடந்தபின் அத்தகைய உயர்வு காணப்படவில்லை.

2016இல் வெளியான இல்லினாய்ஸ் ஆய்வு பள்ளி ஆசிரியருக்கு இன்னும் நெருக்கமானது. ஐந்து உயர்நிலைப் பள்ளிகளின் 94 மாணவர் மூன்று வகை அறைகளில் அமர்த்தப்பட்டனர். ஒன்றில் சன்னல் இல்லை. இன்னொன்றின் சன்னல் கட்டடத்தை நோக்கியது. மூன்றாவதன் சன்னல் மரங்களை நோக்கியது. பாடவேலை முடிந்தவுடன் மூன்று அறைகளுக்கும் கவனத் திறனில் வேறுபாடு தோன்றவில்லை. சிறிது நேர இடைவேளை அளித்தபின் சோதித்தபொழுதே மரங்களைக் கண்டோர் முன்னேறியிருந்தனர். எனவே, பசுமை தன் பணியைச் செய்வது இடைவேளையில்தான் என்பது புலனாகிறது. இடைவேளை குறுகியது. ஆதலால் நிழலிடம் வகுப்பறை வாயிலிலிருந்து ஓரிரு நிமிடத்தில் அடையக்கூடியதாய் இருத்தல் வேண்டும். வளாகத்தின் கோடியில் அழகிய பூங்கா அமைத்து, வகுப்பறையைச் சுற்றி வெறுந்தரையை விடுவது பயன் தராது.

நட்பும் நடைவழியும்

மாணவரின் சமூக வாழ்வில் வளாக அமைப்பின் பங்கு யாது? அமெரிக்காவின் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில், இரண்டாம் உலகப் போருக்குப்பின் மணமான மாணவர்க்கென எழுந்த குடியிருப்புகளை ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பாக் ஆகிய மூவர் ஆராய்ந்து 1950இல் முடிவுகளை வெளியிட்டனர். அங்கு வீட்டைத் தெரிந்தெடுக்கும் உரிமை மாணவர்க்கு இல்லை. காலியான வீடே அளிக்கப்பட்டது. எனவே, பழைய நண்பர்கள் ஒன்றாகக் குடியேறியதால்தான் நட்பு விளைந்தது என்று கூற இடமில்லை.

ஒரே தளத்தில் அடுத்த வீட்டில் வசித்தோருள் 41 சதவிகிதத்தினர் நெருங்கிய நண்பராயினர். ஒரு வீடு தள்ளி வசித்தோரிடையே இது 22 சதவிகிதமாகவும், தளத்தின் இரு கோடிகளில் வசித்தோரிடையே 10 சதவிகிதமாகவும் குறைந்தது. மாடிப்படிக்கு அருகில் குடியிருந்தோர்க்கு மாடியிலும் நண்பர் வாய்த்தனர். அடிக்கடி எதிர்ப்படுதலே நட்பின் முதற்படி என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. மாடிப்படியும் வாயிலும் நடைவழியும் எங்கே அமைகின்றன என்பது, யார் யாருடன் பழகுவார் என்பதை ஓரளவு முன்னதாகவே தீர்மானித்துவிடுகிறது.

மராத்தி மொழியில் 'கட்டா' என்றொரு சொல் உண்டு. உட்கார்ந்து உரையாடுவதற்கேற்ற தாழ்ந்த சுவரையோ மேடையையோ அது குறிக்கும். தமிழரின் திண்ணைக்கு இஃது உறவு எனலாம். மும்பைக் கல்லூரி வாழ்வில் கட்டாவின் இடம் பெரிது. ருயா கல்லூரியை ஒட்டிய தெருமுனை 'ருயா நாக்கா' என்றே நகரில் பெயர் பெற்றுவிட்டது. அது ஒரு வாயில், ஒரு நடைபாதை, ஒரு சந்திப்பு ஆகியன கூடும் இடம். பலர் அவ்வழியே போகவேண்டியுள்ளது. அவர்களுள் சிலர் நிற்கின்றனர். நிற்போரைக் கண்டு இன்னும் சிலர் சேர்கின்றனர்.

நியூயார்க் நகரத்துச் சிறு வெளிகளைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட் 1980இல் வெளியிட்ட நூலிலும் இதே கருத்து காணப்படுகிறது. உட்கார இடம் உள்ள இடத்திலேயே மக்கள் உட்காருகின்றனர். மனிதரைக் காணவே மனிதர் வருகின்றனர் என்பது அவர் கண்ட எளிய உண்மை. திண்ணை கட்டிய நம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். வழிப்போக்கர் வாராத கொல்லைப்புறத்தில் அவர்கள் திண்ணை கட்டவில்லை.

புழுக்கமும் மழையும்

குளிர்நாட்டு வளாகங்களின் படத்தைப் பார்த்து நம் வளாகத்தை அமைத்தல் தவறு. மும்பையில் ஆண்டுதோறும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்துவிடுகிறது. ஏனைய காலத்திலும் காற்றில் ஈரம் மிகுதி. ஈரக்காற்றில் வியர்வை விரைவில் உலராது. ஆகவே, வெயிலைத் தடுக்கும் நிழலோடு காற்றோட்டமும் வேண்டும். தலைக்கு மேலே விரிந்த கிளையும், அமர்ந்திருப்பவரின் மட்டத்தில் தடையற்ற வெளியுமே உகந்தவை. ஆளுயர வேலிச்செடி காற்றைத் தடுக்கும், பார்வையையும் மறைக்கும். பார்வை மறைந்த மூலையில், குறிப்பாக மாலைப்பொழுதில், மாணவியர் அமர விரும்பார்.

மழைக்காலத்திற்குத் தாழ்வாரமே திறந்தவெளி. 1958இல் தோன்றிய பவாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் துறைக் கட்டடங்களை இணைக்கும் நீண்ட தாழ்வாரத்தை மாணவர் 'முடிவிலாத் தாழ்வாரம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் அழைக்கின்றனர். நனையாமல் நடக்கும் வழியே பல துறையினரும் எதிர்ப்படும் வழியாகவும் அமைகிறது. இத்தகைய தாழ்வாரத்தின் ஓரத்தில் 40 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் அகன்ற கைப்பிடிச் சுவர் கட்டினால் அதுவே இருக்கையாகும். கல் இருக்கையின் மேற்பரப்பு சிறிது சரிந்திருப்பின் நீர் தேங்காது. தேங்கிய நீரில் டெங்குக் கொசு பெருகுமாதலால், பராமரிக்க இயலாத அலங்காரக் குளங்களைத் தவிர்த்தல் நலம்.

செம்பூர், தேவனார்ப் பகுதிகளில் மற்றொரு செய்தியையும் கருதல் வேண்டும். டாட்டா சமூக விஞ்ஞான நிலையம் 1954 முதல் தேவனாரில் உள்ளது. அப்பகுதிக்கு அருகே 1927 முதல் நகரக் குப்பை கொட்டப்பட்டு வந்துள்ளது. டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உள்ளன. மரம் நட்டால் காற்று தூய்மையாகிவிடும் என்று நம்பிப் புகையின் மூலத்தைக் கட்டுப்படுத்தாமல் விடுவது பிழை. சாலைக்கும் அமருமிடத்திற்கும் இடையே அடர்ந்த செடிவரிசை சிறிது உதவும். ஆனால், இருபுறமும் உயர்ந்த கட்டடங்களுள்ள குறுகிய தெருவில் அடர்ந்த கிளைகள் புகையைக் கீழேயே தேக்குவதும் உண்டு. இருக்கையைச் சாலையோரத்திலிருந்து கட்டடத்தின் மறுபுறத்திற்கு மாற்றுவதே பெரும்பாலும் சிறந்த வழி.

எந்த மரத்தை நடுவது?

நெட்டிலிங்கத்தின் கூம்பு வகை நம் கல்வி நிலையங்களில் வரிசையாக நடப்படுகிறது. வளர்ப்பது எளிது, தோற்றம் ஒழுங்காக உள்ளது. ஆனால், கிளைகள் தாழ்ந்து தண்டை ஒட்டியே தொங்குவதால் அதன் நிழலில் ஒருவர் அமர்வதும் அரிது. குல்மோஹர் விரிந்து பூத்தாலும், அதன் கிளைகள் எளிதில் முறிவதால் மழைக்காற்றில் இடர் விளைவதுண்டு. வேம்பு, புன்னை, பூவரசு, மகிழம் ஆகியன நெடுங்காலம் நிற்பவை. கடற்கரை நிலத்துக்கும் ஏற்றவை. ஆலும் அரசும் பெருநிழல் தந்தாலும் கட்டடத்தை ஒட்டி நடத்தகாதவை. தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் மிக அகன்றது. எனினும், மும்பையில் அண்மைக்காலத்தில் மாவுப்பூச்சியால் இம்மரங்கள் பல பட்டுப்போயின. ஒரே வகையை நட்டால் ஒரே நோயில் எல்லாம் அழியும் என்பது இதன் படிப்பினை.

நட்ட மரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போடுதல் பெருங்கேடு. நீரும் காற்றும் வேரை எட்டாமற் போய், மரம் வலுவிழந்து சாய்கிறது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குத் தளத்தை நீக்கவேண்டுமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லி அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது. எல்லா வளாகங்களுக்கும் இது நல்ல அளவுகோல். மகாராஷ்டிர நகரங்களில், 1975ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி, மர அதிகாரக் குழுவின் அனுமதியின்றி மரத்தை வெட்டுதல் குற்றம் என்பதையும் பணியாளர் நினைவிற் கொள்க.

தாராவியிலிருந்து வரும் மாணவி

மாட்டுங்காவுக்கு அடுத்தே தாராவி உள்ளது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். ஒரே அறையில் ஐவர், அறுவர் வசிப்பது அங்கு வழக்கம். சமையல், உறக்கம், வீட்டுத் தொழில் ஆகிய மூன்றும் அந்த ஓர் அறையில் நடைபெறும். அவ்வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவியை எண்ணிப் பார்க்கவேண்டும். தன் தோட்டமும் தனியறையும் உள்ள மாணவர்க்குக் கல்லூரி மரத்தடி ஓர் அழகு. இம்மாணவிக்கோ அதுவே படிக்கும் அறை. தோழியுடன் பிறர் செவிப்படாமல் பேசும் இடம். சிறிது நேரம் தனியே இருக்க இயலும் ஒரே இடம். வகுப்பு முடிந்தவுடன் வாயிலைச் சாத்தும் கல்லூரி, அவளிடமிருந்து இவை அனைத்தையும் ஒருங்கே எடுத்துக்கொள்கிறது. மரத்தடியை வாகன நிறுத்தமாக மாற்றும் முடிவும் அத்தகையதே. வாகனம் உடையவர்க்குச் சௌகரியம் செய்ய, வாகனம் இல்லாதவரின் இடம் பறிபோகிறது.

உண்பதற்குக் காசு கொடுத்தால்தான் அமரலாம் என்ற நிலையும் இவ்வாறே சிலரை விலக்கும். சிற்றுண்டிச்சாலையின் நாற்காலிகள் மட்டுமே இருக்கைகளாக உள்ள வளாகத்தில், கையில் காசில்லாத மாணவர் நண்பர் கூட்டத்தையும் இழக்கிறார்.

பாழ்நிலமும் பயன்படும் என்பதற்குத் தாராவியே சான்று. மித்தி ஆற்றங்கரையில் குப்பை கொட்டிய மேட்டின் மீது மண் பரப்பி, மரங்கள் நட்டு உருவாக்கப்பட்டது மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. 1983இல் பறவையியல் அறிஞர் சலீம் அலி அங்கு மரம் நட்டார். 1994இல் பூங்கா திறக்கப்பட்டது. ஏறக்குறைய 37 ஏக்கர் பரப்புள்ள அவ்வனத்திற்குப் பள்ளி மாணவர் இன்றும் அழைத்துச் செல்லப்படுகின்றனர். குப்பைமேட்டில் காடு வளருமாயின், கல்லூரிக் கொல்லையில் நான்கு மரங்களும் ஒரு திண்ணையும் அமைவது அரிய செயலன்று.

எல்லை அறிதல்

தோட்டம் மருந்தன்று. தேசியக் குற்றப் பதிவு நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் 13,044 மாணவர் தற்கொலை செய்துகொண்டனர். தேர்வு அச்சம், கடன், குடும்பத் துயர், இழிவுபடுத்துதல் போன்ற காரணங்களை மரநிழல் நீக்கிவிடாது. துன்பத்தில் உள்ள மாணவரை ஆலோசகரிடமோ, மருத்துவரிடமோ, 2022 முதல் இயங்கும் மத்திய அரசின் டெலி-மானஸ் தொலைபேசி உதவிக்கோ (எண் 14416) உடனே சேர்ப்பித்தல் ஆசிரியர் கடமை. எனினும், மற்றவர் கண்ணில் படும் ஓரிடத்தில் மாணவர் நாள்தோறும் அமர்ந்தால், அவர் வராத நாளை யாரேனும் கவனிப்பர். தனித்து ஒடுங்குவோரை நண்பரும் ஆசிரியரும் முன்னதாகவே கண்டுகொள்ள அது வழி செய்யும். திண்ணையின் பயனுள் இதனையும் சேர்த்து எண்ணுக.

களப்பயிற்சி

கீழ்க்காணும் பணியை மாணவரைக் கொண்டே ஒரு வாரத்தில் செய்து முடிக்கலாம்.

1. வளாகத்தின் படத்தைக் கட்டத்தாளில் வரைக. கட்டடம், வாயில், மரம், இருக்கை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றைக் குறிக்க.

2. ஐந்து வேலை நாட்களில், காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை சுற்றி வந்து, எங்கே எத்தனை பேர் அமர்ந்துள்ளனர், தனியாகவா குழுவாகவா என்று குறிக்க. மாணவியர் எண்ணிக்கையைத் தனியே எழுதுக. பெயர் எழுதுதலும் படமெடுத்தலும் கூடாது.

3. நண்பகலில் நிழலின் எல்லையைப் படத்தில் வரைக. உதாரணமாக, 40 பேர் அமரக்கூடிய இருக்கைகளுள் 12 பேருக்கு மட்டுமே நிழல் கிடைக்குமாயின், பயன்படும் இருக்கை 30 சதவிகிதமே. புதிய இருக்கை வாங்குமுன் பழையதை நிழலுக்கு மாற்றலாமா என்று ஆராய்க.

4. புல்தரையில் மிதிபட்டு உண்டான ஒற்றையடிப் பாதைகளைக் குறிக்க. அவை மாணவர் உண்மையில் நடக்கும் வழிகள். 'மிதிக்காதே' என்னும் பலகையை நடுவதைவிட அவ்வழியே கல் பதிப்பது மேல்.

5. மழை நாளில் நீர் தேங்கும் இடங்களையும், நனையாமல் நடக்கக்கூடிய வழியையும் குறிக்க.

6. இருபது மாணவரிடம், எங்கே அமர விரும்புகின்றனர், எங்கே அமர அஞ்சுகின்றனர், ஏன் என்று கேட்டு எழுதுக. வெகு தூரத்திலிருந்து வருவோரையும், வீட்டில் படிக்க இடமில்லாதோரையும் தவறாமற் சேர்த்துக்கொள்க.

இவ்வாறு கிடைத்த படத்தில் நிழல், இருக்கை, வழி ஆகிய மூன்றும் கூடும் இடங்களை வட்டமிடுக. இரண்டு மட்டும் உள்ள இடங்களில், குறையும் மூன்றாவதை அளிப்பதே முதற்பணியாகும். அதற்குப் பெரும்பாலும் ஒரு மரக்கன்றோ, ஒரு கல் பலகையோ, மாலை இரண்டு மணி நேரம் திறந்திருக்கும் ஒரு வாயிலோ போதும்.

வினாக்கள்

1. முயன்று செலுத்தும் கவனம் களைப்படைவது ஏன்? அதற்கு ஓய்வளிப்பது எது?

2. வளாகத்தின் கோடியில் உள்ள பூங்காவைவிட வகுப்பறை அருகேயுள்ள நிழல் பயன்மிக்கது என்பதைச் சான்றுடன் விளக்குக.

3. ஈரக்காற்று மிகுந்த ஊரில் உயர்ந்த வேலிச்செடியால் நேரும் தீமைகள் யாவை?

4. உங்கள் பள்ளி மூடியபின் படிக்க இடமின்றித் திரும்பும் மாணவர் எத்தனை பேர்? அவர்களுக்கு எந்த இடத்தை, எத்துணை நேரம் திறந்து வைக்க இயலும்?